பசையில் கலந்த துத்தம்

மலாக்காவின் பத்து பெரெண்டாம் தொழிற்பேட்டையில் கார் பாலிஷ் கடை வைத்திருக்கும் தினேஷ் சென்ற மாதம் என்னைக் கூப்பிட்டு ஒரு கட்டியைக் கையில் கொடுத்தார். பிசைந்து வைத்த மாவு உருண்டை மாதிரி இருந்தது. "அங்கிள், இது களிமண்ணுலா. புது வண்டி பெயிண்ட்ல ஒட்டிக்கிட்டு வர்ற அழுக்கெல்லாம் இத வெச்சுத் தேச்சா வந்துரும். ஒங்க காலத்துல இது இல்லியே, எப்பிடிச் சமாளிச்சீங்க?" என்று கேட்டார். கடையில் வேலை செய்பவர்களும் வேலையை விட்டுவிட்டு வந்து நின்றார்கள். ஏதோ பெரிய ரகசியத்தை நான் அவிழ்க்கப் போகிறேன் என்று நினைத்தார்கள் போல. "மண்ணெண்ணெயும் பயமும்" என்றேன். எல்லாரும் சிரித்தார்கள். நான் சிரிப்பதற்காகச் சொல்லவில்லை. வீட்டுக்கு வந்தபின், சொன்னதை விளக்கி எழுதிவிடலாம் என்று தோன்றியது.

புது வண்டிக்கு எதற்குத் துடைப்பு என்று கேட்பவர்கள் இன்றும் உண்டு. புது வண்டியைப் போல அழுக்கான வண்டி உலகத்தில் கிடையாது. பழைய வண்டியில் ஒட்டியிருப்பது ஓர் ஊரின் அழுக்கு. நான் வேலை பார்த்த காலத்தில் புது வண்டி இங்கிலாந்திலிருந்து கப்பலில் வரும். கடலின் உப்புக் காற்று பெயிண்டைத் தின்றுவிடக் கூடாது என்று ஆலையிலேயே வண்டி முழுக்கப் பழுப்பு நிற மெழுகை அடித்து அனுப்பிவிடுவார்கள். அங்கே குளிரில் அது மெழுகாக இருந்தது. நம் ஊர் வெயிலில் நாலு நாள் நின்றதும் ஓடாக மாறிவிடும். துறைமுகத்திலிருந்து மலாக்காவுக்கு ரயிலில் கொண்டு வரலாம் என்றால், இந்த ஊரின் தண்டவாளத்தை யுத்தத்தின்போது ஜப்பான்காரன் பிடுங்கிக்கொண்டு போயிருந்தான். ஆகவே சாலையில் ஓட்டி வருவார்கள். வழியில் தார்ப் புள்ளி, செத்த பூச்சி, முன்னால் போகிற லாரியிலிருந்து சொட்டும் ரப்பர் பால் எல்லாம் மெழுகின் மேல் வந்து குந்திக்கொள்ளும். இப்படி ஒரு கோலத்தில் வந்து சேரும் வண்டியை, வாங்குகிறவர் பார்க்கும்போது கண்ணாடி போல மின்ன வைப்பது என் உத்தியோகம். கம்பெனிக் கணக்கில் எனக்கு 'வாஷர்' என்று பெயர். சட்டி பானை கழுவுகிறவனுக்கும் அதே பெயர்தான்.

ரப்பர் தோட்டத்தை விட்டு மலாக்கா டவுனுக்கு வந்தபோது எனக்குப் பத்தொன்பது வயது. முதல் ஒரு வருஷம் தண்ணீர் சுமந்தேன். இரண்டாம் வருஷம் டயர் கழுவினேன். மூன்றாம் வருஷம்தான் பெயிண்டைத் தொட விட்டார்கள். பயிற்சி அவ்வளவுதான், அதில் எழுத வேறு ஒன்றுமில்லை.

டவுனை ஒட்டிய காஜா பெராங்கில், கார் விற்கும் எங்கள் கம்பெனியின் கொட்டகை இருந்தது. நான் குடியிருந்த வாடகை வீடும் பக்கத்திலேயேதான். கொட்டகைக்கு ஃபோர்மன் மிஸ்டர் பிந்தோ. உஜோங் பாசிரில் வீடு, போர்த்துகீசு வம்சத்துச் செரானிக்காரர், ஞாயிறு தவறாமல் தேவாலயம் போகிறவர். எங்களோடு மலாயில் பேசுவார், துரையோடு ஆங்கிலத்தில் பேசுவார், கோபம் வந்தால் அவர் வீட்டுப் போர்த்துகீசு பாஷையில் தனக்குத்தானே பேசிக்கொள்வார். அதனால் அவருடைய கோபத்தால் யாருக்கும் பாதிப்பு வந்ததில்லை. அவர் மலாயில் சொன்னதையெல்லாம் இங்கே தமிழில் எழுதுகிறேன்.

வண்டி சுத்தமாகிவிட்டதா என்று அவர் கண்ணால் பார்க்க மாட்டார். சிகரெட் பெட்டியைச் சுற்றி வரும் மெல்லிய கண்ணாடித் தாளை உரித்து விரல் நுனிகளில் போர்த்திக்கொள்வார். கண்ணை மூடிக்கொண்டு பானெட்டின் மேல் அந்த விரல்களை மெதுவாக ஓட்டுவார். வெறும் விரலுக்குத் தெரியாத துகள்கூட அந்தத் தாளின் வழியாக நறநறவென்று தெரியும். முயற்சி செய்து பாருங்கள், பொய் சொல்லவில்லை. எங்காவது நறநறத்தால் "பாசிர்" என்பார். மணல் என்று அர்த்தம். அந்தச் சொல்லைக் கேட்டால் அந்தப் பக்கம் முழுக்க மறுபடி செய்ய வேண்டும். எல்லாம் வழவழப்பாக இருந்தால் "லிச்சின்" என்பார். ஒன்பது வருஷத்தில் முதல் தடவையிலேயே நான் 'லிச்சின்' வாங்கியது இரண்டு முறைதான்.

அவருடைய வேலை முறை மாறவே மாறாது. வண்டி நிழலில் நிற்க வேண்டும், பெயிண்ட் கையில் சுடக் கூடாது. மண்ணெண்ணெயில் சோப்பைக் கரைத்து, பழைய துணியில் தோய்த்து, மெழுகு இளகும்வரை பொறுத்திருக்க வேண்டும். தேய்க்கக் கூடாது, துடைக்க வேண்டும். தாருக்கும் மண்ணெண்ணெய்தான். ரப்பர் பாலை ஈரமாகத் தொட்டால் இழுத்து அப்பிக்கொள்ளும், காயவிட்டுக் கட்டைவிரலால் உருட்டினால் தானே உருண்டு வந்துவிடும். பின்பு நல்ல தண்ணீரில் கழுவி ஆட்டுத் தோலால் ஈரம் எடுக்க வேண்டும். ஒரு நாள் சும்மா நிற்கவிட்டு, மறுநாள் பாலிஷ் மெழுகைக் கையால் பூச வேண்டும். மண்ணெண்ணெயில் குளித்து எழுந்த பெயிண்ட் அந்த ஒரு நாளும் வெறும் உடம்போடு நிற்கிறது, அப்போது அதன் மேல் எது பட்டாலும் உள்ளே இறங்கிவிடும் என்பார். புதிதாக எந்த மருந்தைத் தொட்டாலும் முதலில் கதவைத் திறந்து, உள் விளிம்பில் யாரும் பார்க்காத இடத்தில் சொட்டு வைத்துப் பார்ப்பார். இந்த விஷயத்தில் அவர் ஆலைக்காரனையும் நம்ப மாட்டார், கடவுளையும் நம்ப மாட்டார் என்று நாங்கள் பேசிக்கொள்வோம்.

மேனேஜர் துரை வேறு ரகம். அவர் உட்காருவது டவுன் ஷோரூமில். வாரத்துக்கு ஒரு தடவை கொட்டகைக்கு வருவார். தமிழர்கள் எல்லாரையும் அவர் 'சாமி' என்றுதான் கூப்பிடுவார். அந்த ஆட்டுத் தோலுக்கும் அவர் பாஷையில் கிட்டத்தட்ட அதே பெயர். வாசலில் நின்று அவர் "ஷாமி!" என்று கத்தினால் ஆள் போவதா, தோலை எடுத்துக்கொண்டு போவதா என்று தெரியாது. நான் இரண்டும் சேர்ந்தே போய்விடுவேன். அதனால் சுறுசுறுப்பானவன் என்று பெயர் கிடைத்தது.

நாட்டுக்குச் சுதந்திரம் வரப்போகிறது என்று ஊரெல்லாம் ஒரே பேச்சு. எங்களைப் போன்றவர்களுக்கு அதோடு இன்னொரு பேச்சும் இருந்தது. நான் பிறந்தது இந்தியாவில். ஆறு வயதில் அப்பாவின் தோளில் உட்கார்ந்து கப்பலை விட்டு இறங்கினேனாம், எனக்கு நினைவில்லை. இங்கேயே வளர்ந்து, இங்கேயே கல்யாணம் செய்து, இரண்டு பிள்ளைகளையும் பெற்றாகிவிட்டது. ஆனாலும் குடியுரிமைக்கு மனுப் போட வேண்டும், இல்லாவிட்டால் நாளைக்கு யார் எங்கே அனுப்புவார்கள் என்று சொல்ல முடியாது என்றார்கள். என் மனைவி ராத்திரி படுத்தால் அதைத்தான் பேசுவாள். எனக்கும் உள்ளுக்குள் பயம்தான், வெளியே காட்டிக்கொள்ளவில்லை.

மனு எழுதிக் கொடுக்கும் கிழவர் ஒருவர் டவுனில் ஒரு கடையின் தாழ்வாரத்தில் மேஜை போட்டு உட்கார்ந்திருப்பார். அவரிடம் போனேன். எல்லாம் கேட்டு எழுதிவிட்டு, "நன்னடத்தைக்கு ஒரு லெட்டர் வேணுமே, யாரு கொடுப்பா?" என்றார்.

"எங்க ஃபோர்மன் மிஸ்டர் பிந்தோ கொடுப்பாரு. ஒன்பது வருஷமா என்னத் தெரியும்."

"செரானியா? வேணாம்யா. கனம் இருக்காது. ஒங்க தொர கையெழுத்து வாங்கிட்டு வா. வெள்ளக்காரன் கையெழுத்துன்னா மறு கேள்வி இருக்காது."

வெள்ளைக்காரன் போகிறான் என்றுதான் சுதந்திரம். போகிறவனுடைய கையெழுத்து இருந்தால்தான் இருக்கிறவன் இருக்கலாம் என்றார் கிழவர். சட்டம் அப்படிச் சொல்லியதா, கிழவராகச் சொன்னாரா, எனக்குத் தெரியாது. அன்று நான் அதை வேதவாக்காக எடுத்துக்கொண்டேன். துரையும் கூடிய சீக்கிரம் மூட்டை கட்டப் போகிறார் என்று பேச்சு இருந்தது. பிந்தோ எனக்காகத் துரையிடம் கேட்டார். "செய்யலாம், செய்யலாம்" என்றாராம்.

அந்தச் சமயத்தில்தான் ராவுத்தரின் வண்டி வந்தது. டவுனில் பெரிய ஜவுளிக் கடை அவருடையது, மூன்று தலைமுறையாக மலாக்காவில் வியாபாரம். பாலாடை நிறத்தில் ஒரு சலூன் கார் கேட்டு எட்டு மாதம் காத்திருந்தார். சுதந்திர ஊர்வலத்தில் அலங்கரித்த வண்டிகள் போகப் போகின்றன, ராவுத்தரின் புது வண்டி முதலில் போக வேண்டும் என்று துரை முடிவு செய்துவிட்டார். கம்பெனிக்கு விளம்பரம். ராவுத்தரும் சம்மதித்தார். சிக்கல் என்னவென்றால், வண்டி வந்து சேர்ந்ததே ஊர்வலத்துக்கு முந்தைய நாள்தான். நாங்கள் மெழுகை எடுத்து முடித்தபோது சாயங்காலம். ஒரு நாள் நிற்க வேண்டும், பிறகு பாலிஷ் போட வேண்டும் என்றார் பிந்தோ. "பாலிஷ் கிடக்கட்டும். உடனே அலங்காரத்தை ஆரம்பி" என்றார் துரை.

அலங்காரம் யார் செய்வது என்றபோது எல்லாரும் என்னைக் காட்டினார்கள். பக்கத்தில் செட்டிகள் வாழும் கிராமமான செட்டி கம்பத்தில் கோயில் திருவிழா வந்தால் காகிதப் பூ ஒட்டும் வேலைக்கு நான் போவது வழக்கம். பல தலைமுறைக்கு முன்பே வந்து குடியேறியவர்கள், அவர்களுக்குத் தமிழ் வராது, மலாயில்தான் பேசுவார்கள், ஆனால் சாமி காரியத்தில் ஒரு நூல் பிசகக் கூடாது. பசை காய்ச்சுவதையும் அங்கேதான் கற்றுக்கொண்டேன். அரிசி மாவைக் கஞ்சியாகக் காய்ச்சி, அதில் கொஞ்சம் மயில் துத்தத்தைப் பொடி செய்து கலக்க வேண்டும். அந்த நீலக் கல் கலந்த பசையைக் கரப்பான் தொடாது, எறும்பு மொய்க்காது. பத்து நாள் திருவிழாவுக்கும் பூ அப்படியே நிற்கும்.

அரை நாள் ஊர்வலத்துக்கு எந்தக் கரப்பான் படையெடுத்து வரப்போகிறது என்று நான் யோசிக்கவில்லை. பசை என்றால் துத்தம், அவ்வளவுதான் எனக்குத் தெரியும். நாட்டுக்கே சுதந்திரம் என்பதால் வழக்கத்தைவிடக் கொஞ்சம் தாராளமாகவே போட்டேன். கொடியின் நிறங்களில் சுருக்குக் காகிதம் வாங்கி வந்து, சிவப்பும் மஞ்சளும் வெள்ளையுமாகத் தோரணம் திரித்து, நீலத்தில் பெரிய பூக்கள் செய்தேன். தோரணத்தைக் கட்ட இடம் இருந்தது. பூவைக் கட்ட பானெட்டில் ஒரு கொக்கிகூட இல்லை. ஏழு பூவையும் நேரே பெயிண்டின் மேல் ஒட்டினேன். பிந்தோ தூரத்தில் நின்று போர்த்துகீசு பாஷையில் ஏதோ பேசிக்கொண்டிருந்தார்.

மறுநாள் ஊர்வலம் பாதி வழியில் இருக்கும்போது மழை கொட்டியது. சுருக்குக் காகிதத்தின் சாயம் எப்படிப்பட்டது என்று எல்லாருக்கும் தெரியும். ராவுத்தர் உள்ளே உட்கார்ந்து கையை ஆட்டிக்கொண்டிருக்க, வெளியே சிவப்பும் மஞ்சளும் நீலமும் ஓடியது. மழை விட்டது, உடனே வெயில் அடித்தது. திடலில் பேச்சாளர்கள் ஒருவர் மாற்றி ஒருவர் பேச, வண்டி இரண்டு மணி நேரம் அந்த வெயிலில் வெந்தது. கொட்டகைக்கு வந்து காகிதத்தை உரித்ததும் வாளியில் சோப்பைக் கரைத்தேன்.

சிவப்பு சோப்புத் தண்ணீரில் போய்விட்டது. மஞ்சள் மண்ணெண்ணெயில் போய்விட்டது. வெள்ளை மட்டும்தான் தன்னால் எந்தக் கறையும் இல்லை என்பது போல முதலிலேயே நழுவிவிட்டது. நீலம் போகவில்லை. பானெட்டில் ஏழு இடத்தில், விரித்த உள்ளங்கை அளவு, ஏழு நீலத் திட்டு. பிந்தோ கண்ணாடித் தாளை மாட்டிக்கொண்டு விரலை ஓட்டினார். "லிச்சின்" என்றார். வாழ்க்கையில் முதல் தடவையாக அந்தச் சொல் எனக்குக் கசந்தது. மேலே ஒட்டியிருந்தால் நறநறக்கும். வழவழப்பாக இருக்கிறது என்றால் நீலம் உள்ளே இறங்கிவிட்டது.

ஸ்பிரிட்டைக் கதவின் உள் விளிம்பில் சோதித்தார். நீலம் கிடக்கட்டும், பாலாடை நிறமே துணியோடு வந்தது. தேய்ப்புப் பசை போட்டுத் தேய்த்துவிடலாம் என்றால், திட்டு போகிற அளவு தேய்த்தால் அடிப்பூச்சு தெரிந்துவிடும். மறுபடி அடிக்கலாம் என்றால் அதே பாலாடை நிறம் இங்கிலாந்திலிருந்து வர வேண்டும், அதற்கு இரண்டு மாதம். வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகை முடிந்ததும் ராவுத்தரிடம் சாவியைக் கொடுப்பதாகத் துரை வாக்குக் கொடுத்திருந்தார்.

துரை வந்தார், பார்த்தார், சிவந்தார். பிந்தோவிடம் ஆங்கிலத்தில் கத்தினார். எனக்குப் பாதி புரிந்தது. மீதியைப் பிந்தோ பிறகு, தரையைப் பார்த்தபடி சொன்னார். "வெள்ளிக்கிழமைக்குள் இந்த வண்டி சுத்தமாக வேண்டும். இல்லையென்றால் அந்த ஆள் நல்லவன் என்று எழுத வேறு யாரையாவது தேடிக்கொள்ளட்டும் என்கிறார்."

"பாலிஷ் வேண்டாம் என்றது அவர்தானே?" என்றேன்.

"அதை அவரிடம் சொன்னேன். தனக்கு நினைவில்லை என்கிறார்."

அதுவரை எல்லாரும் மழையின் மேல்தான் பழி போட்டார்கள். மழையில் காகிதச் சாயம் ஓடியது, வெறும் பெயிண்டில் இறங்கியது. எனக்கும் அப்படியே இருக்கட்டும் என்றுதான் இருந்தது. ஆனால் சிவப்பும் அதே பெயிண்டில்தான் ஓடியது, அது போய்விட்டதே, பூ ஒட்டிய இடம் மட்டும் ஏன் போகவில்லை என்று பிந்தோ வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்தார். எனக்கு உள்ளே ஒரு சந்தேகம் எழுந்தது. குனிந்து டயரைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

வண்டியைத் தார்ப்பாய் போட்டு மூடி வைக்க வேண்டும், ராவுத்தர் கண்ணில் படக் கூடாது என்று துரையின் உத்தரவு. புதன்கிழமை மத்தியானம் ராவுத்தரே கிளேபாங் வீட்டுக்குப் போகிற வழியில் கொட்டகைக்குள் நடந்து வந்துவிட்டார். தூய வெள்ளைச் சட்டை, தோளில் துண்டு. தானே தார்ப்பாயைத் தூக்கினார். நான் கையில் ஈரத் துணியோடு நின்றேன். பிந்தோ தொப்பியைக் கழற்றினார்.

ராவுத்தர் கத்தவில்லை. குனிந்து பார்த்தார். பையிலிருந்து வெள்ளைக் கைக்குட்டையை எடுத்து, ஒரு மூலையை நாக்கில் நனைத்து, ஒரு திட்டின் மேல் அழுத்தினார். அதை வெளிச்சத்துக்குக் கொண்டுபோய்ப் பார்த்தார். கடையில் துணிச் சாயத்தைச் சோதிக்கிற மாதிரி.

"தம்பி, நீதானே பூவ ஒட்டுனது?"

"ஆமாங்க மொதலாளி."

"பசையில என்னா கலந்தே?"

பிந்தோவுக்குத் தமிழ் பேச வராதே தவிர, முப்பது வருஷம் தமிழர்களோடு வேலை பார்த்ததில் கேட்டால் புரிந்துகொள்வார். அவர் என்னையே பார்த்தார். மாவும் தண்ணியும்தான் என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் பழி மழையோடு நிற்கும், கடிதத்துக்கு இன்னும் வழி இருக்கும். ஆனால் நீலம் போகாது. நீலம் போகாவிட்டாலும் கடிதம் இல்லை. உண்மையைச் சொன்னால் வண்டியைக் கெடுத்தவன் நான்தான் என்று ஆகிவிடும், அப்போதும் கடிதம் இல்லை. இவ்வளவு கணக்கும் போட்டுப் பார்த்துவிட்டுத்தான் சொன்னேன், தர்மராஜா போல உடனே சொல்லிவிட்டேன் என்று யாரும் நினைக்க வேண்டாம். பிந்தோ பார்த்த பார்வையில் எனக்குப் பொய் வரவில்லை, அதுதான் காரணம்.

"மயில் துத்தம் போட்டேன் மொதலாளி. கரப்பான் வராம இருக்க."

ராவுத்தர் கைக்குட்டையை மடித்தார். அவர் முகத்தில் கோபத்தைவிட ஒரு திருப்தி தெரிந்தது. "அதானே பாத்தேன். சாயம் போகாம துணியில நிக்கிறதுக்கு நாங்க போடுறதே துத்தந்தான் தம்பி! வெறும் காயிதச் சாயம்னா சோப்புல போயிருக்கும். நீ அத நல்லா பூட்டுப் போட்டுல்ல வெச்சிருக்கே."

"எப்படிங்க எடுக்குறது?"

"துணியா இருந்தா புளிப்புத் தண்ணியில ஊற வெச்சிருப்பேன். துத்தத்தப் புளிப்பு இழுத்துரும். அப்பறம் சாயத்துக்குப் பிடிமானம் இல்ல. காருக்கு என்னா ஆவும்னு எனக்குத் தெரியாது." பிந்தோவின் பக்கம் திரும்பி மலாயில், "உங்கள் பெயிண்ட் புளியைத் தாங்குமா?" என்றார்.

"கதவின் உள்ளே ஒரு சொட்டு வைத்துப் பார்த்துச் சொல்கிறேன்" என்றார் பிந்தோ.

ராவுத்தர் வாசல்வரை போய்த் திரும்பினார். "வண்டிக்கு சிங்கப்பூர்லேருந்து ஏதோ சாமான் வரணும்னு தொர எங்கிட்ட சொல்லியிருக்காரு. அவரு சொன்னது அப்பிடியே இருக்கட்டும். நான் இங்க வரல. ஊர்வலத்துக்கு அப்பறம் வெள்ளிக்கெழமதான் வண்டியப் பாக்குறேன்." அவர் ஏன் அப்படிச் செய்தார் என்று இன்றுவரை எனக்கு முழுசாகத் தெரியாது. சாயத்தோடு பிறந்து வளர்ந்த மனிதர், சாயம் செய்த தப்புக்கு இன்னொருவனைத் தண்டிக்க மனம் வரவில்லையோ என்னவோ. அரை மணி நேரத்தில் கடையிலிருந்து ஒரு சுருள் வெள்ளை மல் துணி வந்து சேர்ந்தது.

பிந்தோ என்னைத் திட்டவில்லை. "இனிமேல் கரப்பானுக்கும் சுதந்திரம் கொடு" என்றார். பிறகு வேலையில் இறங்கினோம். என் மனைவி புளியைக் கரைத்து வடிகட்டி, சக்கை இல்லாமல் பானையில் கொண்டுவந்து தந்தாள். கதவின் உள் விளிம்பில் ஐந்து நிமிஷம், பத்து நிமிஷம், கால் மணி நேரம் என்று மூன்று சொட்டு வைத்தோம். பத்து வரைக்கும் பெயிண்டின் பளபளப்பு மங்கவில்லை, கால் மணியில் மங்கியது. அதனால் எட்டு நிமிஷம் என்று முடிவு செய்தார். மல் துணியை நாலாக மடித்து, புளித் தண்ணீரில் நனைத்துப் பிழிந்து, திட்டின் மேல் போடுவேன். பிந்தோ கைக்கடிகாரத்தைப் பிடித்துக்கொண்டு நிற்பார். எட்டானதும் எடுப்போம், சோப்புத் தண்ணீர், நல்ல தண்ணீர், ஆட்டுத் தோல். ஆறவிட்டு மறுபடி. முதல் மூன்று தடவை ஒன்றும் தெரியவில்லை. நான்காவது தடவை துணியை எடுத்தபோது அதில் மெல்லிய பச்சை வட்டம் இருந்தது. நான் அழுதுவிட்டேன். பிந்தோ அடுத்த துணியை நனைக்கச் சொன்னார்.

புதன் சாயங்காலமும் வியாழன் முழுக்கவும் அதே வேலை. கொட்டகை முழுக்க ரசம் வைத்த வாடை. துத்தம் கழன்றதும், ராவுத்தர் சொன்னபடியே, மிச்சச் சாயம் சோப்பிலேயே வரத் தொடங்கியது. ஆறு திட்டு சுத்தமாகப் போனது. ஏழாவது, நடுவில் நான் ஆசையாகப் பெரிதாக ஒட்டிய பூ, நிழல் மாதிரி நின்றது. அந்த ஓர் இடத்தில் மட்டும் பிந்தோ நைஸான தேய்ப்புப் பசையைத் தானே விரல் நுனியில் எடுத்து, இருபது சுற்று எண்ணித் தேய்த்தார், இருபத்தொன்று போகவில்லை. பிறகு முதல் நாளே போட்டிருக்க வேண்டிய பாலிஷைப் போட்டோம். அந்த நடு இடத்தில் பெயிண்ட் மெலிந்திருக்கிறது, வருஷத்துக்கு நாலு தடவை மெழுகு போட்டுக்கொள்ளுங்கள் என்று பிந்தோ ராவுத்தரிடம் பிறகு தனியாகச் சொல்லிவிட்டார்.

வெள்ளிக்கிழமை துரை வந்து பானெட்டைத் தடவினார். "என்னதான் காரணம் என்று தெரிந்ததா?" என்று கேட்டார்.

"மழை, சார்" என்றார் பிந்தோ.

"இந்த நாட்டு மழை" என்று தலையை ஆட்டிக்கொண்டார். தொழுகை முடிந்து ராவுத்தர் வந்ததும், ஊர்வலத்தில் சின்னக் கறை பட்டதாகவும், இங்கிலாந்து ஆலையின் பிரத்தியேக மருந்தால் அதை எடுத்துவிட்டதாகவும் துரை விளக்கம் சொன்னார். ராவுத்தர் மிகவும் மரியாதையாகக் கேட்டுக்கொண்டார். சாவியை வாங்கிக்கொண்டு வண்டியில் ஏறும்போது என் பக்கம் குனிந்து, "மருந்து நல்லாத்தான் வேல செய்யுது தம்பி. கொஞ்சம் உப்பும் மொளகும் போட்டிருந்தா குடிச்சிருக்கலாம்" என்றார்.

வண்டி சுத்தமாகிவிட்டது, கடிதம் வரவில்லை. துரைக்கு ஊர் முழுக்க விருந்து. இன்று, நாளை என்று மூன்று வாரம் போனது. கடைசியில் பிந்தோ, துரைக்கு எழுத நேரமில்லை என்று தெரிந்துகொண்டு, ஆபீஸ் தட்டச்சில் துரை சொல்வது போலத் தானே கடிதத்தை அடித்தார். எனக்கு அதை மலாயில் வாசித்துக் காட்டினார். 'ஆறுமுகம் மகன் கோவிந்தனை எனக்கு ஒன்பது ஆண்டுகளாக நேரில் நன்றாகத் தெரியும். உழைப்பாளி. நாணயமானவர். தன் தவற்றை மறைக்காதவர்.'

எனக்கு வெட்கமாக இருந்தது. "துரைக்குத்தான் துத்தம் விஷயமே தெரியாதே. மறைக்காதவன் என்று எப்படி எழுதலாம்?" என்றேன்.

"எனக்குத் தெரியும்."

"அப்படியானால் நீங்கள் கையெழுத்துப் போடுங்கள்."

"என் கையெழுத்துக்குக் கனம் இல்லை என்று உன் மனு எழுதுகிறவர் சொன்னாராமே" என்றார். அதை நான்தான் ஒரு நாள் யோசிக்காமல் அவரிடம் சொல்லியிருந்தேன். அவர் சிரித்துக்கொண்டேதான் சொன்னார். நான் அன்று சிரிக்கவில்லை, இன்றும் அதை நினைத்தால் சிரிப்பு வருவதில்லை.

துரை ஊரை விட்டுக் கிளம்புகிற நாள் கொட்டகைக்கு வந்தார், எல்லாரிடமும் விடைபெற. பிந்தோ கடிதத்தை நீட்டினார். மேஜை எதுவும் பக்கத்தில் இல்லாததால் துரை அதை ஒரு புது வண்டியின் பானெட்டில் வைத்தார். பேனா அழுந்திப் பெயிண்டில் தடம் விழுந்துவிடும் என்று பிந்தோ சட்டென்று தன் உள்ளங்கையைக் காகிதத்தின் அடியில் கொடுத்தார். அந்தக் கையின் மேல்தான் என் கடிதத்தில் கையெழுத்து விழுந்தது. துரை படிக்கவில்லை. பேனாவை மூடிப் பையில் செருகிக்கொண்டு, வரிசையாக நின்ற எங்களைப் பார்த்துவிட்டு, பிந்தோவிடம் கேட்டார். இந்த முறை ஆங்கிலம் எனக்கு முழுசாகவே புரிந்தது.

"ஆமாம், இதில் கோவிந்தன் யார்?"

பிந்தோ என்னைக் காட்டினார். துரை என்னை மேலும் கீழும் பார்த்தார். ஒன்பது வருஷமாக நன்றாகத் தெரிந்தவரைப் பார்க்கிற மாதிரியே புன்னகை செய்தார்.

"நல்லது. நான் கிளம்புவதற்குள் என் காரை ஒரு தடவை துடைத்துவிடச் சொல்லுங்கள்."

கடிதத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு துடைத்தேன். பிந்தோ விரல்களில் கண்ணாடித் தாளை மாட்டிக்கொண்டு வந்தார். அந்த வண்டியை மட்டும் அவர் தொட்டுப் பார்க்கவில்லை.